கேலஸ் பச்சையாகிறது, வேர் வருகிறது, தண்டு மட்டும் வரவில்லை: செல் உண்மையிலேயே பழைய அடையாளத்தை இழக்கிறதா?

வேர்த்துண்டு (கேள்வி)

அராபிடாப்சிஸ் (ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் கடுகுக் குடும்பச் சிறுசெடி) வேர்த்துண்டிலிருந்து இரண்டு கட்டமாக, முதலில் கேலஸ் (வெட்டுத்துண்டில் வளரும் உருவமற்ற செல்திரள்), பிறகு தண்டு என்று எடுக்கும் முறையில் சிக்கல். நிலைமைகளை அப்படியே தருகிறேன்.

செடி: கொல்-0 ரகம். 10 நாள் நாற்றின் வேர், 5 முதல் 10 மி.மீ. துண்டுகள்.

கேலஸ் ஊடகம்: காம்போர்க் பி5 உப்பு, குளுக்கோஸ் லிட்டருக்கு 20 கிராம், எம்இஎஸ் (பி.எச். நிலைப்படுத்தி) 0.5 கிராம், அகார் 8 கிராம், 2,4-டி (ஆக்சின் வகை ஹார்மோன்) 0.5 மி.கி., கைனெடின் (சைட்டோகைனின் வகை ஹார்மோன்) 0.05 மி.கி. இதில் 14 நாள், வெளிச்சத்தில்.

தண்டு ஊடகம்: அதே அடிப்படை, 2-ஐபி (சைட்டோகைனின்) 5 மி.கி., ஐஏஏ (ஆக்சின்) 0.15 மி.கி. எல்லா ஹார்மோனும் ஆட்டோகிளேவுக்கு முன்பே சேர்க்கப்பட்டவை. 22 டிகிரி, 16 மணி நேர வெளிச்சம், 4 வாரம்.

விளைவு: கேலஸ் நன்றாகப் பெருக்கிறது. தண்டு ஊடகத்துக்கு மாற்றியதும் அங்கங்கே பச்சை பிடிக்கிறது. பல துண்டுகளில் மெல்லிய வேர்கள் கிளம்புகின்றன. தண்டு வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டு துண்டுகளில்தான். இதே மேசையில், எம்எஸ் (இன்னொரு உப்புக் கலவை) ஊடகத்தில் பிஏபி (சைட்டோகைனின்) 1 மி.கி., என்ஏஏ (ஆக்சின்) 0.1 மி.கி. போட்ட புகையிலை இலைத்துண்டுகள் மூன்று நான்கு வாரத்தில் தண்டாகக் குவிகின்றன. ஆகவே நுண்ணுயிர் நீக்கத்திலோ உப்புக் கரைசலிலோ பெரிய கோளாறு இருக்க வாய்ப்பில்லை.

என்னிடம் இரண்டு கேள்விகள். முதலாவது, பாடப்புத்தகத்தில் கேலஸ் என்றால் 'வேறுபாடு இழந்த செல்களின் தொகுதி' என்று இருக்கிறது. எல்லா அடையாளத்தையும் இழந்த செல்லுக்குச் சைட்டோகைனின் கொடுத்தால் தண்டாக வேண்டியதுதானே, அது ஏன் வேரை நோக்கியே போகிறது? இரண்டாவது, இந்த முறையில் எதை மாற்ற வேண்டும்?

---

பக்கவேர்

உங்கள் முதல் கேள்வியிலேயே இரண்டாவதற்கான பதில் பாதி இருக்கிறது. கேலஸ் அடையாளம் இழந்த திசு என்ற கணக்கு இந்த முறைக்குப் பொருந்தாது. 2,4-டி நிறைந்த ஊடகத்தில் வேர்த்துண்டில் பிரியத் தொடங்குவது எல்லாச் செல்லும் அல்ல. பெரிசைக்கிள் (வேரின் நடு உருளையின் வெளி அடுக்கு) செல்கள், அதிலும் சைலம் (நீர் கடத்தும் திசு) முனைகளை ஒட்டியவை. செடியில் பக்கவேர் கிளம்புவதும் அதே செல்களிலிருந்துதான். கேலஸுக்குள் எந்த ஜீன்கள் இயங்குகின்றன என்று பார்த்தால் வேர் நுனி ஆக்குத்திசுவின் ஜீன்கள் தெரிகின்றன: பிளெதோரா1, டபிள்யூஓஎக்ஸ்5, ஸ்கேர்குரோ. 2010இல் சுகிமோட்டோவும் மற்றவர்களும் காட்டியதில் வியப்பு என்னவென்றால், வித்திலையிலிருந்தும் பூவிதழிலிருந்தும் உண்டாகும் கேலஸிலும் இதே வேர்த்தன்மைதான். பக்கவேர் தொடங்க முடியாத ஏஎல்எஃப்4 பிறழ்வுச் செடியில் இந்த ஊடகத்தில் எந்த உறுப்பிலிருந்தும் கேலஸ் சரியாக வருவதில்லை.

ஆக, நீங்கள் 14 நாள் வளர்த்தது ஒழுங்கு குலைந்த, ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் பக்கவேர்த் தொடக்கம். ஆக்சின் குறைந்ததும் அது வேர் விடுவது அதன் இயல்பு. தண்டாக வேண்டுமென்றால்தான் அதைப் பாதை மாற்ற வேண்டியிருக்கிறது.

பாதை மாறுவதில் இரண்டு படி உண்டு. முதல் படி, எந்த உறுப்பாகவும் ஆகக்கூடிய தகுதி. அது கேலஸ் ஊடகத்தில் முதல் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. பிளெதோரா3, 5, 7 மூன்றும் சேர்ந்து பிளெதோரா1, 2 ஆகியவற்றை இயக்கி இந்தத் தகுதியைத் தருகின்றன. மூன்றும் இல்லாத செடியில் கேலஸ் வளரும், ஆனால் அதிலிருந்து தண்டு கிளம்பாது. இது 2015இல் காளிகா பிரசாத்தின் குழு வெளியிட்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: அந்தச் செடியில் பிளெதோரா1ஐயோ 2ஐயோ மட்டும் திரும்பக் கொடுத்தால் தகுதி திரும்புகிறது, தண்டு வருவதில்லை, தண்டுக்குச் சியூசி2 என்ற ஜீனும் வேண்டும். 'கேலஸ் பெருத்திருக்கிறது' என்பதும் 'தண்டு வரும்' என்பதும் தனித்தனி விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாம் படி, தண்டு ஊடகத்தில் வுஷெல் என்ற, தண்டு நுனியை உண்டாக்கும் ஜீன் எழுவது. சைட்டோகைனின் சைகையைக் கடத்தும் பி-வகை ஏஆர்ஆர் புரதங்கள் (1, 2, 10, 12) நேரடியாக வுஷெல்லின் முன்பகுதியில் அமர்ந்து அதை இயக்குகின்றன. ஆனால் வேர்ச் செல்லில் அந்த ஜீனின் மேல் எச்3கே27 மும்மெத்தில் குறி (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத்தின் மேல் ஜீனை அடக்கும் வேதிக்குறி) பூட்டாகக் கிடக்கிறது. அந்தக் குறி, சைட்டோகைனின் மிகுந்த ஊடகத்தில் செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகிறது. செல் பிரியாவிட்டால் பூட்டு திறக்காது. தண்டு ஊடகத்தில் முதல் சில நாள் வெளியே எதுவும் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்ற வேண்டியது என்ன? 14 நாளை 4 நாளாக்குங்கள். அதிகம் போனால் 6. நான்காம் நாளில் வேர்த்துண்டு லேசாகத் தடித்து, நடு உருளையின் ஓரமாக வீங்கல்கள் தெரியும். கண்ணுக்குக் கேலஸ் என்று தோன்றாது. 'இன்னும் கேலஸே வரவில்லையே' என்று காத்திருப்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் வீணாகின்றன.

---

அளவுக்குடுவை

மேலே சொன்ன உயிரியலில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 14 நாளை 4 நாளாக்கினால் மட்டும் சரியாகாது. உங்கள் ஊடகத்திலேயே மூன்று ஓட்டைகள்.

ஒன்று, ஐஏஏ. ஆட்டோகிளேவ் வெப்பத்தில் அதன் ஒரு பகுதி போய்விடும். மீதி இருப்பதும் வெளிச்சத்தில், ஊடக உப்புகளோடு சேர்ந்து வேகமாகச் சிதையும். 0.15 மி.கி. என்பதே சிறிய அளவு. அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. ஒரு மி.லி.க்கு 1 மி.கி. இருப்புக் கரைசல் செய்யுங்கள். 10 மி.கி.யைக் கொஞ்சம் எத்தனாலில் கரைத்து 10 மி.லி. ஆக்கி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு குழாய்களில் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, மைனஸ் 20இல் வையுங்கள். ஊடகம் 55 டிகிரிக்கு ஆறியதும் லிட்டருக்கு 0.15 மி.லி. சேருங்கள். கரைசல் இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள். ஊற்றிய தட்டுகளையும் இருட்டில், குளிரில் வைத்து விரைவில் பயன்படுத்துங்கள்.

2-ஐபியையும் வடிகட்டியே சேர்ப்பது நல்லது. ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு சில துளிகளில் கரையும், அல்லது டிஎம்எஸ்ஓவில். மி.லி.க்கு 1 மி.கி. இருப்பிலிருந்து லிட்டருக்கு 5 மி.லி.; இது ஏறத்தாழ 25 மைக்ரோமோலார். 2,4-டியும் கைனெடினும் வெப்பத்தைத் தாங்கும், அவை ஆட்டோகிளேவில் போகலாம்.

இரண்டு, 2,4-டி ஒட்டிக்கொண்டு வருவது. இயற்கை ஆக்சினைப் போலச் செல் இதை எளிதில் உடைக்காது, செல்லிலிருந்து வெளியேற்றுவதும் குறைவு. 14 நாள் ஊறிய கேலஸ் தண்டு ஊடகத்துக்குள் தன்னுடைய ஆக்சினையும் சுமந்துகொண்டு வருகிறது. தட்டில் இருப்பது தண்டு ஊடகம், செல்லுக்குள் இருப்பது கேலஸ் ஊடகம். ஸ்கூக்கும் மில்லரும் 1957இல் புகையிலையில் காட்டிய விகித விதி (ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தண்டு, இரண்டும் இடைநிலையில் என்றால் கேலஸ்) செல்லுக்குள் இருக்கும் விகிதத்தைப் பற்றியது, புட்டியில் எழுதி ஒட்டிய விகிதத்தைப் பற்றியது அல்ல. மாற்றும்போது துண்டுகளை ஹார்மோன் இல்லாத திரவ பி5இல் இரண்டு முறை அலசுங்கள், ஒவ்வொரு முறையும் சில நிமிடம். பிறகு நுண்ணுயிர் நீக்கிய வடிதாளில் ஈரத்தை ஒற்றி எடுத்துத் தண்டு ஊடகத்தில் படுக்கவையுங்கள். ஒட்டிய அகார் துணுக்குகளோடு மாற்றக் கூடாது.

மூன்று, பி.எச். நீங்கள் குறிப்பிடவே இல்லை. 5.7க்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்து, அதன் பிறகு அகார் போடுங்கள். குளுக்கோஸ் இருக்கும் ஊடகம் ஆட்டோகிளேவில் கொஞ்சம் கூடுதலாகவே அமிலமாகும். 121 டிகிரி, 15 நிமிடம் போதும், 500 மி.லி.க்கு மேல் ஒரே புட்டியில் வைக்காமல் இருந்தால். வெளியே எடுக்கும்போது ஊடகம் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தொகுப்பு வேண்டாம்.

புகையிலையை வைத்து மேசையைச் சோதிப்பது பற்றி ஒன்று: புகையிலை எல்லாப் பிழையையும் மன்னிக்கும் செடி. அது வளர்கிறது என்பதால் ஊடகம் சரி என்றாகாது. பிஏபியும் என்ஏஏயும் வெப்பம் தாங்குபவை, ஆகவே உங்கள் ஐஏஏ பிரச்சினை அங்கே வெளிப்படவே வெளிப்படாது.

---

வேர்த்துண்டு

இருவருக்கும் நன்றி. பி.எச். 5.7தான், ஆனால் அலசும் படி இந்த முறையில் இல்லை. இரண்டு துணைக்கேள்வி. கொல்-0க்குப் பதில் வேறு ரகம் எடுப்பது உதவுமா? வேருக்குப் பதில் முதிர்ந்த ரோசெட் (தரையொட்டி வட்டமாக அடுக்கிய) இலைத்துண்டை இதே முறையில் போடலாமா?

---

பக்கவேர்

ரகம்: நிச்சயம் உதவும். கொல்-0 இந்த வேலையில் சுமாரானது. சி24, வாஸிலெவ்ஸ்கியா இரண்டும் தெளிவாக மேல். வேர்த்துண்டு முறையை 1988இல் வால்வெகென்ஸ் குழு எழுதியபோது சி24இல்தான் நன்றாக வந்தது. உங்கள் நோக்கம் முறையைக் கற்பது என்றால் ரகத்தை மாற்றுங்கள். கொல்-0இன் பிறழ்வுச் செடிகளை ஒப்பிடுவது நோக்கமென்றால் மாற்ற வழியில்லை. எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்று ஏற்று துண்டுகளைக் கூட்டுங்கள்.

முதிர்ந்த இலை: வேண்டாம். இரண்டு தடை. செடிக்கு வயதாகும்போது எம்ஐஆர்156 என்ற சிறு ஆர்என்ஏ குறைகிறது. அது அடக்கிவைத்திருந்த எஸ்பிஎல் புரதங்கள் தலைதூக்கி, பி-வகை ஏஆர்ஆர் புரதங்களோடு சேர்ந்து சைட்டோகைனினுக்கான மறுமொழியை மட்டுப்படுத்துகின்றன. வயதான துண்டு அதே அளவு 2-ஐபிக்குக் குறைவாகவே அசையும். இரண்டாவது தடை குரோமாட்டின் (டிஎன்ஏயும் அதைச் சுற்றிவைக்கும் புரதங்களும்). இலைச்செல்லிலிருந்து கேலஸுக்குப் போக இலை ஜீன்களை மூட வேண்டும், அந்த வேலை பாலிகோம்ப் என்ற, ஜீன்களை அடக்கும் புரதத் தொகுதியுடையது. அது பழுதான பிறழ்வுச் செடியில் இலையிலிருந்து கேலஸ் வருவதில்லை, வேரிலிருந்து வருகிறது. வேருக்கு அந்தப் பயணமே இல்லை, புறப்படும்போதே பாதித்தூரம் வந்தாகிவிட்டது. இலைதான் வேண்டுமென்றால் நாற்றின் முதல் இரண்டு இலை, 12 நாளுக்குள்.

இலையில் இன்னொன்று பார்க்கலாம், அது செலவில்லாத சோதனை. அதே முதல் இலையை வெட்டி, ஹார்மோனே இல்லாத பி5இல் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் காம்பின் வெட்டுவாயில் வேர் வரும். காயம் பட்டதும் ஜாஸ்மோனேட் (காயத்துக்கான ஹார்மோன்) ஏறி, ஆக்சின் உற்பத்தி தூண்டப்பட்டு, இலையில் உண்டான ஆக்சின் காம்பின் வழி வந்து வெட்டுவாயில் தேங்குகிறது. அங்கே கற்றைத் திசுவை ஒட்டிய செல்களில் முதலில் டபிள்யூஓஎக்ஸ்11, 12 எழுகின்றன, அதிலிருந்து டபிள்யூஓஎக்ஸ்5. வேர் வராவிட்டால் உங்கள் நாற்றுகள் நலிந்திருக்கின்றன. தண்டு முறையை அந்த நாற்றுகளில் தொடங்குவதில் பயனில்லை.

---

கருவடிவு

மேலே போகிற பேச்சைப் படித்துவிட்டு, செடிச் செல் எல்லாம் வேர் வழியாகத்தான் மீண்டெழும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அராபிடாப்சிஸில், 2,4-டியும் கொஞ்சம் கைனெடினும் கலந்த ஊடகத்தில் நடப்பது.

கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1958இல் ஸ்டூவர்டும், அதே காலகட்டத்தில் ரைனெர்ட்டும் காட்டிய வழி வேறு. 2,4-டி 0.5 முதல் 1 மி.கி. உள்ள திரவத்தில் செல்கள் சிறு கொத்துகளாக வளர்கின்றன. 2,4-டியை அறவே நீக்கினால் அந்தக் கொத்துகள் கோள வடிவம், இதய வடிவம், டார்பிடோ வடிவம் என்று விதைக்குள் கரு வளரும் வரிசையிலேயே போகின்றன. தண்டும் வேரும் ஒரே அச்சில் ஒன்றாக வருகின்றன. இங்கே சைட்டோகைனின் தேவையே இல்லை, விகித விதி பொருந்தாது. பிழை எங்கே வருமென்றால், 2,4-டி சிறிது மிஞ்சினாலும் கரு கோள நிலையில் நின்றுவிடும். செல் அடர்த்தி அதிகமாக இருந்தாலும் நின்றுவிடும். சலித்து, அலசி, நீர்த்து வைப்பதில்தான் முழு வேலையும். இந்தப் பாதையில் லெக்1, லெக்2, பேபிபூம் ஜீன்கள் முன்நிற்கின்றன, பக்கவேர் ஜீன்கள் அல்ல. ஆனால் பேபிபூமும் பிளெதோரா குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதனால் இரண்டு பாதையையும் முற்றிலும் அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது.

தானியங்களில் முதிர்ந்த இலையை வைத்து மாரடிப்பதில் பொருளில்லை. நெல்லில் விதையின் ஸ்குடெல்லம் (கருவின் வித்திலை), 2,4-டி 2 மி.கி., என்6 அல்லது எம்எஸ் ஊடகம், 28 டிகிரி, மூன்று நான்கு வாரம். வருவதில் வெளிர்மஞ்சளாக, முடிச்சு முடிச்சாக, கெட்டியாக இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். நீர் கோத்து வழவழப்பாக இருப்பதும் பழுப்பேறியதும் எவ்வளவு பெருத்தாலும் செடியாகாது. மாற்றுவதற்கு முன் ஒரு நாள் மூடிய தட்டில் வடிதாள்மீது லேசாக உலரவிட்டு, அகாரைக் கூட்டிய ஊடகத்தில் பிஏபி 2 முதல் 3 மி.கி., என்ஏஏ 0.5 முதல் 1 மி.கி. வைத்தால் பச்சைப்புள்ளிகள் கூடும். அடம்பிடிக்கும் மக்காச்சோள ரகங்களில் பேபிபூமையும் வுஷெல்2ஐயும் சேர்த்துச் செலுத்தியும் (2016), கோதுமையில் ஜிஆர்எஃப்4–ஜிஐஎஃப்1 இணைப்பைச் செலுத்தியும் (2020) மீளாக்கத்தைக் கூட்டினார்கள். முதல் ஜோடியைச் செலுத்தினால் பின்னர் நீக்கவோ அடக்கவோ வேண்டும், இல்லையென்றால் வளைந்து நெளிந்த, மலடான செடிகள்தான் மிஞ்சும்.

புரோட்டோபிளாஸ்ட் (சுவர் நீக்கிய செல்) விஷயமும் இருக்கிறது. 1971இல் டாக்கேபேயும் மற்றவர்களும் புகையிலை மீசோபில் புரோட்டோபிளாஸ்ட்டிலிருந்து முழுச் செடி எடுத்தார்கள். அங்கே தொடக்கம் பெரிசைக்கிள் அல்ல, ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருந்த இலைச்செல். 'வேறுபாடு இழத்தல்' என்ற சொல் அந்த இடத்தில் இன்னும் பொருந்தும் என்பது என் கருத்து.

---

பக்கவேர்

கேரட்டும் நெல்லும் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நான் எழுதியது இந்தக் கேள்விக்கான ஊடகத்துக்கு மட்டும். புரோட்டோபிளாஸ்ட் பற்றி ஒரு திருத்தம். சுவர் போனதும் குரோமாட்டின் பரவலாகத் தளர்கிறது, செல்லுக்குச் செல் ஜீன் வெளிப்பாடு சிதறுகிறது. அதில் மிகச் சிலதான் பிரிகின்றன. 'இழப்பு' என்பது எல்லாச் செல்லுக்கும் நடக்கிறது, மீள்வது சிலவற்றுக்கு. ஆகவே இழப்பதும் மீள்வதும் ஒன்றல்ல.

கேலஸ் இல்லாமலேயே அடையாளம் மாறுவதும் உண்டு. அராபிடாப்சிஸ் வேர் நுனியை 130 மைக்ரானில் வெட்டினால், ஓய்வு மையமும் (வேர் நுனியின் நடுவே அரிதாகவே பிரியும் செல்கள்) அதைச் சுற்றிய தொடக்கச் செல்களும் போன பிறகும், மிச்சமுள்ள செல்கள் சில நாளில் புது நுனியை அமைத்துவிடும். 270 மைக்ரானில் வெட்டினால் முடியாது. சேனாவும் மற்றவர்களும் 2009இல் காட்டியது இது. எல்லாச் செல்லுக்கும் முழு ஆக்குத்திறன் என்று ஹேபர்லாண்ட் 1902இல் சொன்னது கொள்கையளவில் சரி. ஆனால் இங்கே வெறும் 140 மைக்ரான் தூரத்தில் திறன் மறைந்துவிடுகிறது. செல் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது பிரிந்தது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

அசல் கேள்விக்கு இதில் நேரடிப் பயன்: பக்கவேர்த் தொடக்கத்தையே, அது சரியான வளர்நிலையில் இருக்கும்போது, கேலஸ் இல்லாமல் சைட்டோகைனினால் நேராகத் தண்டாக்கலாம். முதலில் ஹார்மோன் இல்லாத ஊடகத்தில் வளர்ந்த நாற்றை ஆக்சினில் (என்ஏஏ, 10 மைக்ரோமோலார்) சுமார் 2 நாள் வைத்துப் பக்கவேர்த் தொடக்கங்களை ஒரே நேரத்தில் கிளப்பி, பிறகு 2-ஐபி தட்டுக்கு மாற்றுவார்கள். மாற்றும் நேரம் தப்பினால், அதாவது தொடக்கம் மிகச் சிறியதாகவோ வேர் வெளியே நீண்டுவிட்டதாகவோ இருந்தால், பாதை மாறாது. உங்கள் 14 நாளின் பிரச்சினையும் இதுவே, நீட்டி வைத்த வடிவத்தில்.

---

நுண்நோக்கி

எண்ணுவது பற்றி யாரும் சொல்லவில்லை. 'பச்சையாகிறது' என்பதைத் தண்டுக்கு முன்னறிகுறியாகக் கணக்கிட வேண்டாம். சைட்டோகைனின் பட்ட கேலஸ் பசுங்கணிகம் உண்டாக்கும், அவ்வளவுதான். பச்சைப்புள்ளிகளில் பல, ஆக்குத்திசுவாகக் குவியாமலேயே நின்றுவிடும். ஸ்டீரியோ நுண்நோக்கியில் 20 மடங்கில் பாருங்கள். தண்டு என்றால் நடுவில் குவிந்த முகடு, அதன் ஓரத்தில் குறைந்தது இரண்டு இலைத்தொடக்கம், இலைமேல் டிரைகோம் (நுண்முடி). டிரைகோம் இல்லாத பச்சைத் தகடு பெரும்பாலும் தனி இலை, கீழே முகடு இருக்காது. அதைப் பிரித்து நட்டால் செடியாகாது.

கணக்கு: தண்டு வந்த துண்டுகள் ÷ மொத்தத் துண்டுகள் ஒரு எண். ஒரு துண்டுக்கு எத்தனை தண்டு என்பது இன்னொரு எண். இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு தட்டு ஒரு மறுபடி (தனியாக எண்ணப்படும் மறுசோதனை). தட்டில் உள்ள 30 துண்டுகளை 30 மறுபடியாக எழுதுவது தவறு. துண்டு நுனியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வெட்டியது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நுனி 5 மி.மீ.ஐ ஒதுக்கிவிடுவது நல்லது, அதில் இருக்கும் ஆக்குத்திசு வேராகவே நீளும். உங்கள் தட்டில் கிளம்பும் 'மெல்லிய வேர்களில்' ஒரு பகுதி அதுவாக இருக்கலாம்.

வெளிச்சமும் கவனிக்க வேண்டியது. வெட்டிய புதிதில் படும் பலமான வெளிச்சம் பின்னால் வரும் தண்டுகளைக் குறைக்கிறது. வெட்டுவதை வேகமாக முடித்து, கேலஸ் ஊடகத் தட்டுகளை முழுதும் இருட்டில் வையுங்கள். தண்டு ஊடகத்துக்குப் போனதும் வெளிச்சம்.

நீர் கோத்த, கண்ணாடி போன்ற தண்டுகள் வந்தால் அகாரை 8 கிராமிலிருந்து 10க்கு ஏற்றி, பாராஃபிலிமுக்குப் பதில் காற்று விடும் மைக்ரோபோர் நாடா ஒட்டுங்கள். அதிலும் மாறாவிட்டால் 2-ஐபியைப் பாதியாக்குங்கள்.

கடைசியாக, மீண்ட செடிகள் எல்லாம் தாயின் நகல் என்று எண்ண வேண்டாம். நீண்ட நாள் கேலஸில் இரட்டிப்பான குரோமோசோம் உள்ள செல்கள் சேரும், அராபிடாப்சிஸ் வேர்த்துண்டு முறையில் நான்மடிச் செடிகள் வருவது தெரிந்த விஷயம். மகரந்தம் பெரிதாகத் தெரிந்தால் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்லின் டிஎன்ஏ அளவைக் காட்டும் கருவி) உறுதி செய்யுங்கள். லார்கினும் ஸ்கோக்ராஃப்ட்டும் 1981இல் 'சோமாகுளோனல் மாறுபாடு' என்று பெயரிட்டதில் குரோமோசோம் மட்டுமல்ல, மெத்தில் குறிகளும் அடக்கம். எண்ணெய்ப்பனையில் திசுவளர்ப்புக் கன்றுகள் வளர்ந்து காய்க்கும் வயதில் கோணல் பழம் விட்டதற்குக் காரணம், ஒரு ஜீனுக்குள் கிடக்கும் 'கர்மா' என்ற டிரான்ஸ்போசானின் (இடம் மாறக்கூடிய டிஎன்ஏ துண்டு) மெத்தில் குறி போனது என்று 2015இல் காட்டினார்கள். கேலஸ் நாட்களைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

வேர்த்துண்டு

தெளிவாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சோதனையை எப்படி அமைப்பது?

---

அளவுக்குடுவை

ஐஏஏ, அலசல், இருட்டு மூன்றையும் விவாதமின்றி எல்லாத் தட்டுக்கும் சரிசெய்துவிடுங்கள். இவை சோதித்துப் பார்க்க வேண்டியவை அல்ல, சரியாக இருந்தே ஆக வேண்டியவை. மாறியாக விடுவது கேலஸ் ஊடகத்தில் நாட்கள் மட்டும்: 0, 2, 4, 6, 10, 14. ஒவ்வொன்றுக்கும் 4 தட்டு, தட்டுக்கு 25 துண்டு. ஒரே தொகுப்பு நாற்றுகளிலிருந்து வெட்டுங்கள், ஆனால் எல்லாத் துண்டும் தண்டு ஊடகத்துக்குப் போய்ச் சரியாக 21 நாள் கழித்து எண்ணப்பட வேண்டும். வெட்டிய நாளிலிருந்து அல்ல.

0 நாள் தட்டில் தண்டு ஏறக்குறைய வராது, தகுதி இன்னும் வராததால். நாள் கணக்கில் 14 நாள் தட்டுதான் உங்கள் இப்போதைய நிலை. 4, 6 நாளில் உச்சம் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். உச்சமே இல்லாமல் எல்லாம் தாழ்வாக இருந்தால், நாள் காரணமல்ல, சைட்டோகைனின் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். 2-ஐபியைச் செடியின் சைட்டோகைனின் ஆக்சிடேஸ் உடைக்கும்; தைடையசூரானை (செயற்கைச் சைட்டோகைனின்) அது எளிதில் தொடாது. 2-ஐபிக்குப் பதில் தைடையசூரான் 0.1, 0.25, 0.5 மி.கி. மூன்று அளவில் போட்டுப் பாருங்கள். அதில் வரும் தண்டுகள் குட்டையாக, கொத்தாக நிற்கும். முகடு தெரிந்ததும் ஹார்மோன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் நீளும்.

எத்திலீன் சேர்வதும் தடையாகலாம். மூடி இறுக்கமான தட்டில் 25 துண்டு என்றால் குறிப்பாக. மைக்ரோபோர் நாடா போதாவிட்டால் வெள்ளி நைட்ரேட் 5 மி.கி., வடிகட்டிச் சேர்த்தது, ஒரு தட்டுத்தொகுதியில் மட்டும். கடுகுக் குடும்பத்தில் இது நன்றாக உதவுவதுண்டு.

வேர் பிடிக்கவைக்கும்போது தண்டை 5 மி.மீ. ஆனதும் வெட்டுங்கள், அடியில் கேலஸ் துளியும் ஒட்டாமல். கேலஸிலிருந்து கிளம்பும் வேரின் கடத்துத்திசு தண்டோடு இணையாது. தட்டில் செழிப்பாகத் தெரியும், மண்ணுக்குப் போன இரண்டாம் நாள் வாடிவிடும். அரை வலிமை எம்எஸ், சுக்ரோஸ் 10 கிராம், ஐபிஏ (ஆக்சின்) 0.5 மி.கி.யில் ஒரு வாரம், பிறகு ஹார்மோன் இல்லாத ஊடகம். வேர் 1 செ.மீ. ஆனதும் அகாரை வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கழுவிவிட்டு நடுங்கள், ஒரு வாரம் மூடி போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து.